பழரசமும் பத்தியமும்

டெக்ஸஸ் மாகாணத்தின் தென்கோடியில், ரியோ கிராண்டே நதிப் பள்ளத்தாக்கில் விளையும் செந்நிறக் கிரேப்ஃப்ரூட், 1993ஆம் ஆண்டில் அம்மாகாணத்தின் பழமென்று பிரகடனம் செய்யப்பட்ட பெருமையுடையது. நம் பம்பளிமாசின் வம்சத்தில் பிறந்த அப்பழத்தின் ரசம், ஹூஸ்டனிலும் டல்லாஸிலும் உள்ள பிள்ளைகள் வீட்டிற்கு ஊரிலிருந்து வந்து ஆறு மாதம் தங்கிப்போகும் பெற்றோருக்குக் காலைப் பலகாரத்தோடு அன்பாக வார்த்துக் கொடுக்கப்படுகிறது. கொடுப்பவரிடத்தும் குற்றமில்லை, குடிப்பவரிடத்தும் குற்றமில்லை. ஆயினும் அதே மேஜைமீது ரத்த அழுத்த மாத்திரையும் இருக்குமானால், அவ்விரண்டிற்கும் விரோதம் உண்டா என்பதை யாரேனும் முன்னதாகவே சொல்லியிருக்க வேண்டும்.

இவ்விரோதம் வெளிப்பட்டதே ஒரு தற்செயல். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்து லண்டன் நகரில் டேவிட் பெய்லி என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய சகாக்களும், ஃபெலோடிபின் என்னும் ரத்த அழுத்த மருந்தின்மீது மது என்ன செய்கிறதென்று பரிசோதிக்கப் புகுந்து, மதுவின் சுவையை மறைக்கும்பொருட்டு அதனைக் கிரேப்ஃப்ரூட் ரசத்தில் கலந்து கொடுத்தபோது, மருந்து எதிர்பாராத அளவிற்கு ரத்தத்தில் ஏறியிருக்கக் கண்டார்கள். குற்றவாளி மதுவன்று, ரசமே என்பது பின்னர் தெளிவாயிற்று. 1991இல் லான்ஸெட் பத்திரிகையில் அவர்கள் வெளியிட்ட முடிவின்படி, தண்ணீரோடு உட்கொள்ளும்போது சேருவதைப்போல் சராசரி 284 சதவிகிதம் மருந்து ரத்தத்தில் சேர்ந்தது.

காரணம் குடலில் இருக்கிறது. உட்கொண்ட ஃபெலோடிபினில் பெரும்பகுதியை ரத்தத்தை எட்டுமுன்பே சிதைத்துவிடும் சி.ஒய்.பி. 3ஏ4 என்ற நொதியை, இப்பழத்திலுள்ள ஃபுரானோகூமரின்கள் செயலிழக்கச் செய்கின்றன. குடல் அந்நொதியைப் புதிதாக உற்பத்தி செய்துகொள்ள ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகுமாதலால், ரசத்தைக் காலையிலும் மாத்திரையை மாலையிலும் சாப்பிடுவது பரிகாரமாகாது. ஒரு தம்ளரே போதும், அழுத்தம் அளவுமீறித் தாழ்ந்து தலைசுற்றல் உண்டாவதற்கு. நிஃபெடிபினும் இவ்வகையில் சேரும். நம்மவர் மிகுதியாக உண்ணும் அம்லோடிபினிடத்திலோ விளைவு சொற்பமே. இதற்கு நேர்மாறாக, ஆரஞ்சு, ஆப்பிள் ரசங்கள் அடெனோலால் என்னும் ரத்த அழுத்த மருந்து ரத்தத்தில் சேருவதையே குறைத்துவிடும். டெல்மிசார்டன், லோசார்டன் முதலிய ரத்த அழுத்த மருந்துகள் உடலில் பொட்டாசியத்தைத் தேக்குபவையாதலின், அவற்றை உண்போருக்குச் சிறுநீரகமும் பழுதுபட்டிருந்தால் ஆரஞ்சு ரசமும் இளநீரும்கூட அளவறிந்தே பருகத்தக்கவை. ஆகவே ‘பழரசம் ஆகாது’ என்ற பொதுவிதி பயனற்றது; எந்த மாத்திரைக்கு எந்த ரசம் ஆகாது என்பதே அறிய வேண்டியது.

அமெரிக்க மருந்துக்கடை தரும் ஆரஞ்சு நிறக் குப்பியின்மீது, இத்தகைய மருந்தாயின், கிரேப்ஃப்ரூட்டை விலக்கச் சொல்லும் சிறு சீட்டொன்றை ஒட்டுவது வழக்கம். ஊரிலிருந்து ஆறு மாதத்திற்குச் சேர்த்து வாங்கி வந்த மாத்திரை அட்டையிலோ அத்தகைய சீட்டைக் காண்பது அரிது; எண்ணிக் கத்தரித்துக் கொடுத்த துண்டாயிருந்தால் மருந்தின் பெயரே பாதி போயிருக்கும். சித்த வைத்தியர் சூரணத்தை மடித்துத் தருகையிலேயே எதனோடு உண்பது, எதனை விலக்குவது என்று சொல்லியனுப்புவார்; அவர் மறந்தாலும் நம் பாட்டிமார் கேளாமல் திண்ணையை விட்டு எழுந்திரார். அந்நல்வழக்கத்தை இங்கிலீஷ் மருந்தின் விஷயத்தில் மட்டும் நாம் கைவிட்டதற்கு நியாயம் ஒன்றுமில்லை.

இவ்வளவும் சொன்னால் முதியவர் அஞ்சி மாத்திரையையே நிறுத்திவிடுவர் என்று சிலர் ஆட்சேபிக்கலாம். அந்த அபாயம் மெய்யே. அரைகுறையாய்க் கேள்விப்படுவதால் விளையும் அந்த அச்சத்திற்கு மருந்து, தெளிவாகச் சொல்லுதலேயாகும். மாத்திரையை நிறுத்துவதோ மாற்றுவதோ வைத்தியரின் அதிகாரம். ரசத்தை நிறுத்துவது மட்டுமே நம் கையில் உள்ளது. எனவே, பெற்றோர் வந்திறங்கிய முதல் வாரத்திலேயே அவர்கள் மாத்திரைகள் அனைத்தையும் அருகிலுள்ள மருந்தாளரிடம் காட்டி விசாரிப்பது பிள்ளைகளின் கடமை. மருந்துச் சீட்டில் விலக்க வேண்டிய உணவையும் ஒரு வரியில் எழுதித் தருவது நம்மூர் வைத்தியர்களின் கடமை. இரண்டிற்கும் செலவு ஏதுமில்லை. செய்யாமலிருப்பதற்குச் சாக்கும் இல்லை.