ஓடி முடித்தவருக்கும் நடுவில் நின்றவருக்கும் ஒரே மாலை



அடுத்த அபுதாபி மாரத்தான் ஓட்டத்திற்கு நம் சங்கத்தின் பெயர் பொறித்த பனியனோடு ஒரு கோஷ்டியை அனுப்பலாமா என்று சென்ற நிர்வாகக் குழுக் கூட்டத்தில் பேச்சு எழுந்தது. இளைஞர்கள் அனுப்பியே ஆக வேண்டும் என்றார்கள். பெரியவர் ஒருவர், "கோயில் சங்கத்துக்கும் ஓட்டப் பந்தயத்துக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிற முழங்காலைக் காப்பாற்றிக்கொண்டு பிரதட்சிணம் செய்தால் போதாதா?" என்று கேட்டார். டாக்டர் என்ற முறையில் என் அபிப்பிராயத்தை எழுதித் தரும்படி காரியதரிசி சொன்னார். எழுதுகிறேன். ஆனால் அபிப்பிராயம் சொல்வதற்கு முன்பு ஒரு தவற்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்தத் தவறு என்னுடையது.

2024 டிசம்பர் 14ஆம் தேதி, சனிக்கிழமை. அல் ஐனிலிருந்து நாங்கள் ஒன்பது பேர் இரண்டு கார்களில் விடியலுக்கு வெகு முன்பே புறப்பட்டோம். அபுதாபிக்கு ஏறக்குறைய 160 கிலோமீட்டர். வழியெல்லாம் இருட்டு, இருபுறமும் மணல். ஒருவர் மெதுவாகக் கந்தர் சஷ்டி கவசம் சொல்லிக்கொண்டு வந்தார். ஒருவர் இட்லி சாப்பிடலாமா கூடாதா என்று மூன்று முறை என்னிடம் கேட்டார். பழனிக்குப் பாத யாத்திரை கிளம்பும் நாளில் எங்கள் ஊரில் இருக்குமே ஒரு பரபரப்பு, அதே பரபரப்பு.

இந்த ஓட்டம் 2018இல் தொடங்கியது. முழு மாரத்தான் 42.195 கிலோமீட்டர். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் ஓடிய தூரம் அது. 1921இல் அதையே நிலையான அளவாக வைத்துக்கொண்டார்கள். முழுத் தூரம் ஓட முடியாதவர்களுக்காகப் பத்து, ஐந்து, இரண்டரை கிலோமீட்டர் ஓட்டங்களும் உண்டு. எங்களில் ஒரே ஒருவர்தான் முழு மாரத்தான், வாலிபர், இஞ்சினீயர். ஐவர் பத்து கிலோமீட்டர். அதில் நானும் ஒருவன். மூவர் ஐந்து கிலோமீட்டர்.

ஓடியவர்கள் திரும்பி வரும்போது காரில் சொன்ன கதைகளைக் கேட்டிருந்தால் நீங்களும் மகிழ்ந்திருப்பீர்கள். முழுத் தூரம் ஓடிய தம்பி, முப்பது கிலோமீட்டர் வரை தேரில் போவதுபோல் இருந்ததாம். அதற்குமேல் கால் தனக்குச் சொந்தமில்லாத பொருள்போல் ஆகிவிட்டதாம். இதற்குக் காரணம் உண்டு. நம் தசைகளிலும் ஈரலிலும் சர்க்கரைச் சத்தைச் சேமித்துவைக்கும் இடம் அளவானது. நீண்ட ஓட்டத்தில் ஏறக்குறைய முப்பது கிலோமீட்டருக்கு மேல் அந்தச் சேமிப்பு வறண்டுபோகிறது. உடம்பு கொழுப்பை எரிக்கத் தொடங்கும். அது மெதுவாகத்தான் எரியும். ஓட்டக்காரர்கள் இதைச் "சுவரில் மோதுவது" என்கிறார்கள். அந்தச் சமயத்தில் சாலையோரம் நின்ற முன்பின் தெரியாத ஒரு அரபுச் சிறுவன் பேரீச்சம்பழம் ஒன்றை நீட்டினானாம். "பழனி வழியில் பானகம் கொடுப்பார்களே, அதே ருசி சார்" என்றார் தம்பி.

ஐந்து கிலோமீட்டர் ஓடிய சகோதரி ஒருவர், "கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் பிள்ளைகளின் ஸ்கூல் பஸ்ஸைப் பிடிக்க ஓடியதைத் தவிர நான் எனக்காக ஓடியதே இல்லை" என்றார். கார் முழுவதும் சிரித்தது. பிறகு யாரும் சற்று நேரம் பேசவில்லை.

ஆனால் திரும்பும்போது எங்கள் காரில் ஒரு இடம் காலியாக இருந்தது.

அந்த இடத்துக்கு உரிய நண்பருக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. கணக்குப் பிரிவில் வேலை. நாள் முழுவதும் நாற்காலி. ஆறு வருடமாக நீரிழிவு. அவர் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றார். ஓட்டத்துக்கு மூன்று வாரம் முன்பு, ஒரு பூஜை நாளில், பிரசாத வரிசையில் எனக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். "டாக்டர், நான் பத்து கிலோமீட்டர் ஓடலாமா?" என்று கேட்டார். என் கையில் தொன்னை. கண் சர்க்கரைப் பொங்கலின் மேல். "உமக்கு என்னய்யா, தாராளமாக ஓடலாம்" என்றேன். நாடி பார்க்கவில்லை. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா என்று கேட்கவில்லை. அவர் தந்தை ஐம்பத்தோரு வயதில் மாரடைப்பில் போனவர் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கேட்டிருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

ஏழாவது கிலோமீட்டரில் அவருக்குத் தாடையில் ஒரு இறுக்கம். வாயு என்று நினைத்தாராம். பிறகு இடது கை கனத்தது, குளிர் காற்றிலும் வியர்வை கொட்டியது. இன்னும் மூன்றே கிலோமீட்டர், பதக்கம் வாங்கிவிடலாம் என்று மனம் சொல்லிற்றாம். ஆனாலும் நின்றுவிட்டார். நடைபாதை விளிம்பில் உட்கார்ந்து கையைத் தூக்கினார். முதலுதவிக்காரர்கள் நிமிடத்தில் வந்தார்கள். அன்று மாலைக்குள் ஆஸ்பத்திரியில் இரண்டு இரத்தக் குழாய்களில் அடைப்பு நீக்கி ஸ்டென்ட் வைத்தார்கள். அவர் இன்று நலமாக இருக்கிறார். அந்த மூன்று கிலோமீட்டரையும் ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் எழுத விரும்பவில்லை.

இனி நம் சங்கத்தின் பங்குக்கு வருகிறேன். 2025 பொங்கல் விழாவில் மாரத்தான் ஓடியவர்களை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினோம். எட்டுப் பேரை அழைத்தோம். ஒன்பதாமவர் மூன்றாவது வரிசையில் மனைவியோடு உட்கார்ந்திருந்தார். ஓடி முடிக்காதவருக்கு எதற்குப் பொன்னாடை என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. யாரும் நினைத்தும் பார்க்கவில்லை, அவ்வளவுதான். பந்தியில் ஒருவர் அவரை "வாங்க, ஏழு கிலோமீட்டர்!" என்று வேடிக்கையாகக் கூப்பிட்டார். அவரும் சிரித்தார். அவர் மனைவி சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு நாலைந்து மாதம் அந்தக் குடும்பம் பஜனைக்கு வரவில்லை. நானும் மேடையில் பொன்னாடையோடு நின்றவன்தான். அன்று ஒலிபெருக்கியை வாங்கி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அன்பர்களே, அன்று அந்த ஒன்பது பேரில் மிகச் சிரமமான காரியத்தைச் செய்தவர் அவர்தான். மற்ற எட்டுப் பேரும் கூட்டத்தோடு போனோம். அவர் அத்தனை பேர் ஓடும்போது தான் மட்டும் நின்றார்.

இனி வைத்திய விஷயம். ஓட்டம் ஆளைக் கொல்லும் என்று யாரும் பயப்பட வேண்டாம். அமெரிக்காவில் 2000 முதல் 2010 வரை முழு மாரத்தானும் அரை மாரத்தானும் ஓடிய சுமார் 1 கோடியே 9 லட்சம் பேரைப் பற்றி 2012இல் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. அவர்களில் 59 பேருக்குத்தான் இதயம் நின்றது. அதாவது ஏறக்குறைய 1,84,000 பேருக்கு ஒருவர். அந்த 59 பேரில் 42 பேர் இறந்தார்கள். பிழைத்தவர்களுக்குப் பெரிதும் உதவியது, பக்கத்தில் இருந்தவர்கள் உடனே மார்பை அழுத்தி முதலுதவி செய்ததுதான். எனவே அபாயம் மிகச் சிறியது. ஆனால் வந்துவிட்டால் நிமிடக் கணக்கில் உயிர் போகும்.

மறுபக்கம், ஓடாமல் நடக்காமல் உட்கார்ந்தே இருப்பதுதான் பெரிய அபாயம். 1953இல் ஜெரெமி மாரிஸ் என்ற ஆங்கில டாக்டர் லண்டன் மாடி பஸ் ஊழியர்களை ஆராய்ந்தார். நாள் முழுவதும் உட்கார்ந்து ஓட்டும் டிரைவர்களைவிட, மாடிப்படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுக்கும் கண்டக்டர்களுக்கு இருதய நோய் குறைவாக இருந்தது. நம்மில் பெரும்பாலோர் டிரைவர் கட்சி. போதாததற்கு நம் இனத்துக்கே இந்த நோய் சீக்கிரம் வருகிறது. 2007இல் வெளிவந்த ஆராய்ச்சியின்படி, தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வருகிறது. பிற நாட்டினருக்கு ஏறக்குறைய 59 வயதில். ஆறு வருடம் முந்திக்கொள்கிறோம். இந்தப் பந்தயத்தில் முந்துவது நமக்குப் பெருமையல்ல.

ஆகவே ஓட வேண்டாம் என்பது என் கட்சியல்ல. தயாராகாமல் ஓட வேண்டாம் என்பதே என் கட்சி.

"கோயிலுக்கும் ஓட்டத்துக்கும் என்ன சம்பந்தம்" என்று கேட்ட பெரியவருக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். சபரிமலைக்கு மாலை போடுகிறவர் 41 நாள் விரதம் இருக்கிறார். விடியற்காலை எழுகிறார், குளிர்ந்த நீரில் குளிக்கிறார், வெறுங்காலில் நடக்கிறார், புகையும் மதுவும் தொடுவதில்லை, அளவாகச் சாப்பிடுகிறார். பக்தியோடு சேர்த்து உடம்பையும் மலைக்குத் தயார் செய்யும் ஏற்பாடு அது. இன்று பலர் சம்பிரதாயத்துக்கு மாலை போட்டுக்கொண்டு பம்பையில் இறங்கி நேரே நீலிமலை ஏறுகிறார்கள். நீலிமலையிலும் அப்பாச்சிமேட்டிலும் அவசர வைத்திய நிலையங்கள் வைக்கவேண்டி வந்ததற்கு வழியில் வரும் மாரடைப்புகளே முக்கியக் காரணம். விரதத்தை விட்டுவிட்டு மலையை மட்டும் எடுத்துக்கொண்டதன் பலன் இது. பயிற்சியை விட்டுவிட்டுப் பனியனை மட்டும் மாட்டிக்கொள்வதும் அதே தவறுதான். நம் முன்னோர் அறிந்ததைத்தான் நான் ஸ்டெதாஸ்கோப்போடு திருப்பிச் சொல்கிறேன்.

என் யோசனைகள் இவை. குழு ஏற்றுக்கொண்டால் மகிழ்வேன்.

முதலாவது, நாற்பது வயதைத் தாண்டியவர்கள், நீரிழிவு, இரத்த அழுத்தம், புகைப் பழக்கம் உள்ளவர்கள், பெற்றோர் உடன்பிறந்தோரில் இளவயது மாரடைப்பு கண்டவர்கள் ஆகியோர் பெயர் கொடுக்குமுன் முறையான பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். படுத்த நிலையில் எடுக்கும் ஈ.சி.ஜி. சரியாக இருக்கிறது என்பதால் மட்டும் எல்லாம் சரி என்று அர்த்தமில்லை. பிரசாத வரிசையில் டாக்டரைக் கேட்காதீர்கள். கேட்டாலும் நான் இனிப் பதில் சொல்ல மாட்டேன். கிளினிக்குக்கு வாருங்கள்.

இரண்டாவது, குறைந்தது மூன்று மாதப் பயிற்சி. முதல் மாதம் நடை மட்டும். நம் ஊரில் இதற்கு இடத்துக்குப் பஞ்சமில்லை. பேரீச்ச மர நிழலும் பலஜ் வாய்க்காலும் உள்ள அல் ஐன் ஒயாசிஸைப்போல நடக்க இதமான இடம் வளைகுடாவில் அபூர்வம். ஜெபல் ஹஃபீத் மலைச் சாலையில் முதல் நாளே ஏறி வீரம் காட்ட வேண்டாம்; மலை எங்கும் போய்விடாது. கோடையில் விடியற்காலை மட்டுமே. வெயிலில் வேலை செய்வோருக்கே ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நடுப்பகல் 12.30 முதல் 3 மணி வரை ஓய்வு தர வேண்டும் என்று இந்த நாட்டுச் சட்டம் சொல்கிறது. பொழுதுபோக்குக்கு ஓடும் நாம் அதை மறக்கலாகாது.

மூன்றாவது, தண்ணீர். தாகத்துக்குக் குடிக்க வேண்டும். பயத்துக்குக் குடிக்கக் கூடாது. 2002 பாஸ்டன் மாரத்தானில் பரிசோதித்த 488 பேரில் நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்கு இரத்தத்தில் உப்பின் அளவு குறைந்திருந்தது. ஓடும்போது அளவு மீறித் தண்ணீர் குடித்ததே முக்கியக் காரணம். நீரிழிவுக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்கள் பையில் குளுக்கோஸ் வைத்திருக்க வேண்டும். அன்றைய மருந்தின் அளவை முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். காய்ச்சல் இருந்தால் ஓட வேண்டாம். வலி மாத்திரை விழுங்கிவிட்டு ஓடவே வேண்டாம்.

நான்காவது, மார்பை அழுத்தி முதலுதவி செய்யும் முறையை உறுப்பினர்கள் அனைவருக்கும், முக்கியமாகப் பெண்களுக்கும் பெரிய பிள்ளைகளுக்கும், நம் மண்டபத்திலேயே கற்றுத் தரலாம். ஒரு காலைப் பொழுது போதும். நான் வருகிறேன். பந்தயத்தில் உதவாவிட்டாலும் ஒருநாள் வீட்டில் உதவும்.

ஐந்தாவதுதான் எனக்கு மிக முக்கியமானது. மேடையில் பொன்னாடை போர்த்துவதானால் முடித்தவருக்கும் நடுவில் நின்றவருக்கும் ஒரே மாதிரி போர்த்த வேண்டும். நின்றால் கேலி செய்வார்கள் என்று பயந்து ஒரு மனிதர் இன்னும் மூன்று கிலோமீட்டர் ஓடினால், அவர் உயிருக்கு அந்தக் கேலியும் பொறுப்பு. பாத யாத்திரையில் கால் வெடித்து நடுவழியில் உட்கார்ந்தவரை முருகன் கணக்கிலிருந்து தள்ளிவிடுவான் என்று நம்மில் யாராவது சொல்வோமா?

சென்ற மாதம் அந்த நண்பர் தம்பதியாகப் பூஜைக்கு வந்திருந்தார். இப்போது தினமும் நாலு கிலோமீட்டர் நடக்கிறார். என் பீரோவில் மடித்து வைத்திருந்த அந்தப் பொன்னாடையை எடுத்துப் போய், பஜனை முடிந்த பிறகு அவர் தோளில் போட்டேன். "டாக்டர், நான் முடிக்கவில்லையே" என்றார். "நீர் நிற்க வேண்டிய இடத்தில் நின்றீர். நான்தான் கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டேன்" என்றேன். இந்த முறை அவர் மனைவி சிரித்தார்.

ஞாயிறுதோறும் சூரியோதயத்துக்கு முன் ஒயாசிஸ் வாசலில் நான் இருப்பேன். நடக்க விரும்பும் அன்பர்கள் வரலாம். பனியன் தேவையில்லை, நல்ல செருப்போ ஷூவோ போதும்.

எல்லோரும் நலமுடன் வாழ எம்பெருமான் முருகன் அருள் புரிவானாக.