காற்றும் வெளிச்சமும் நம் சொத்துதான்

மும்பையின் பழைய கட்டடங்களைக் காக்க வேண்டும் என்று யாராவது பேச ஆரம்பித்தால், நம்மவர்களில் பலர் அது தங்கள் விஷயமல்ல என்று ஒதுங்கி விடுகிறார்கள். "வெள்ளைக்காரன் கட்டியதை வசதி படைத்தவர்கள் காப்பாற்றிக் கொள்ளட்டும். ஒழுகும் கூரையின் கீழ் இருப்பவனுக்கு லிஃப்ட் வைத்த புது ஃபிளாட்தானே வேண்டும்?" என்று கேட்கிறார்கள். மாட்டுங்காவில் ஒரு பகடி வீட்டில் குடியிருக்கும் எனக்கு அந்தக் கேள்வியின் நியாயம் புரிகிறது. ஆனாலும் இந்த இயக்கத்தில் நமக்குப் பங்கு உண்டு என்பதே என் கருத்து.

நாம் வசிக்கும் பகுதி எப்படி உருவானது என்று பாருங்கள். 1896-ல் பம்பாயைப் பிளேக் நோய் தாக்கியது. நெரிசலும் காற்றோட்டமின்மையுமே நோய் பரவக் காரணம் என்று கருதிய அரசு, 1898-ல் நகர மேம்பாட்டு டிரஸ்டை அமைத்தது. அது வகுத்த திட்டங்களுள் ஒன்றுதான் தாதர்-மாட்டுங்கா. அகலமான தெருக்கள், ஓரத்தில் மரங்கள், ஐந்து தோட்டங்கள், கட்டடங்களுக்கு நடுவே இடைவெளி. 1930களிலும் 40களிலும் இங்கே எழுந்த, வளைந்த பால்கனி வைத்த வீடுகளில்தான் தென்னாட்டுக் குடும்பங்கள் பல குடியேறின. 1932-ல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றியது. கோயில், பள்ளி, பூக்கடை, காப்பித்தூள் கடை எல்லாமே நடக்கும் தூரத்தில் அமைந்தன. பிழைக்க வந்த இடத்தில் நாம் ஊராக வாழ முடிந்தது இந்த அமைப்பினால்தான். அந்த இடைவெளிகளை அடைத்துக் கொண்டு, கீழே நாலைந்து அடுக்கு கார் நிறுத்தமும் மேலே முப்பது மாடியுமாக எழும்பினால், பக்கத்துக் கட்டடத்தில் பகலிலேயே விளக்குப் போட வேண்டியதுதான்.

போராடினால் பயன் உண்டா என்று கேட்பவர்களுக்கு மும்பையே பதில் சொல்லும். குடிமக்கள் குழுக்களின் விடாமுயற்சியால் 1995-ல் பாரம்பரியக் கட்டட விதிகள் வந்தன. 600-க்கும் மேற்பட்ட கட்டடங்களும் பகுதிகளும் பட்டியலில் இடம் பெற்றன. ஓவல் மைதானத்தைச் சுற்றியுள்ள விக்டோரியன் காதிக், ஆர்ட் டெக்கோ கட்டடத் தொகுதி 2018-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. அந்த ஆர்ட் டெக்கோ கட்டடங்களில் பெரும்பாலானவை நம்முடையவை போன்ற குடியிருப்புகளே.

ஆனால் பட்டியல் மட்டும் போதாது. 1896-ல் இந்தியாவிலேயே முதன்முதலாகச் சலனப்படம் காட்டப்பட்ட வாட்சன்ஸ் ஹோட்டல் கட்டடம் பட்டியலில் இருக்கிறது. இருந்தும் 2005-ல் அதன் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. 2019-ல் அங்கிருந்தவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். 1947-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் பழைய வாடகையை 1940-ஆம் ஆண்டு அளவிலேயே நிறுத்தி வைத்தது. 1999-ல் வந்த சட்டமும் ஆண்டுக்கு 4 சதவீத உயர்வுக்கே இடம் தந்தது. இந்த வாடகையில் எந்தச் சொந்தக்காரர் கூரையை மாற்றுவார்? செஸ் கட்டடங்களைப் பழுது பார்க்கும் ரிப்பேர் போர்டு செலவிடும் தொகைக்கும் உச்சவரம்பு உண்டு. ஆகவே, "இடிக்காதே" என்று மட்டும் சொல்லி, பழுது பார்க்கும் பணத்துக்கு வழி சொல்லாத இயக்கம் பாதி இயக்கம்தான். பட்டியலிலுள்ள கட்டடத்தின் சொந்தக்காரர், அங்கே கட்ட முடியாமற்போன பரப்பை டி.டி.ஆர். ஆகப் பெற்று விற்க விதியில் இடமிருக்கிறது. அந்தப் பணம் முதலில் அதே கட்டடத்தின் பழுதுக்குச் செலவாக வேண்டும் என்று நாம் வற்புறுத்த வேண்டும்.

எல்லாக் கட்டடத்தையும் காப்பாற்றியே தீர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கட்டட உறுதிப் பரிசோதனையில் முறைப்படி சி-1 என்று வந்தால், உயிரைவிடக் கல் பெரிதல்ல. ஆனால் பழுது பார்த்தால் பல ஆண்டுகள் நிற்கக்கூடியதை, கூடுதல் சதுர அடிக்காக 'அபாயம்' என்று சொல்ல விடலாமா? சம்மதப் படிவத்தில் கையெழுத்திடும் முன் மூன்று காகிதங்களைக் கேளுங்கள்: குடியிருப்போரே நியமித்த பொறியாளரின் அறிக்கை, பழுது பார்க்க ஆகும் செலவுக் கணக்கு, புதுக் கட்டடத்தில் மாதாமாதம் கட்ட வேண்டிய பராமரிப்புத் தொகை. மூன்றாவதைப் பார்த்தால் ஓய்வூதியத்தில் வாழும் பெரியவர்கள் பலர் யோசிப்பார்கள்.

நம் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். ஆண்டு விழாவுக்கும் பட்டிமன்றத்துக்கும் கூடுகிறோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு கட்டடப் பொறியாளரையும் ஒரு வழக்கறிஞரையும் அழைத்துப் பகடி வீட்டுக்காரர்களின் சந்தேகங்களைத் தீர்க்க ஏற்பாடு செய்யலாம். மாநகராட்சி ஆட்சேபங்களைக் கேட்டு அறிவிப்பு வெளியிடும்போது, நம் தெருக்களுக்காகத் தமிழர்களின் கடிதங்களும் அங்கே போய்ச் சேரட்டும்.