சீல் மாத்தினால் மட்டும் போதாது

எங்களில் ஒருவரின் மாமாவிடம் ஒரு பழைய ரொயோட்டா ஹைலக்ஸ் கெப் இருக்கிறது. எல்.என். 106 மொடல், நாலு சில்லும் இழுக்கிற வாகனம். எங்களில் பாதிப் பேரைவிட அதற்கு வயது கூட. நெல் மூட்டை, பசளை, கலியாண வீட்டுக் கதிரை, வெள்ளம் வந்தால் சனம் என்று கிளிநொச்சிப் பக்கத்தில் அது ஏற்றாதது எதுவும் இல்லை.

போன மாரி முடியிற நேரம், முன் வலச் சில்லின் உட்பக்கத்தில் கறுப்பாக ஏதோ வழியத் தொடங்கியது. மாமா துணியால் துடைத்தார். இரண்டு நாளில் திரும்ப வழிந்தது. திரும்பவும் துடைத்தார். நாலு மாதம் இப்பிடியே போனது. பிறகு ஒருநாள் பரந்தன் சந்தியில் பிறேக் பிடிக்க, வாகனம் இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போனது. முன்னால் ஒரு சைக்கிள். நல்ல காலம், தட்டவில்லை.

வலப்பக்கப் பிறேக்கில் எண்ணெய் பட்டிருந்தது. அதனால் இடப்பக்கம் மட்டும் பிடித்திருக்கிறது. அன்றைக்குத்தான் மாமா துணியைக் கீழே வைத்தார்.

ஊரில் ஒரு கராஜ் அண்ணை இருக்கிறார். அவர் வந்து குனிந்து, வழிந்ததை விரலால் தொட்டு மணந்து பார்த்தார். “கியர் ஒயில் மணக்குது. ஆனா கிறீசும் கலந்திருக்கு. உள்சீல் போட்டுது.” அவ்வளவுதான். மெசின் இல்லை, கொம்பியூட்டர் இல்லை.

“அப்ப சீலை மட்டும் மாத்திவிடுங்கோ அண்ணை” என்றார் மாமா.

“மாத்தலாம். ஆனா சீல் சும்மா கிழியாது. என்னத்தால கிழிஞ்சது எண்டு பாக்காமப் புதுசு போட்டா, அதுவும் கிழியும்.”

இந்த ஒரு வசனத்துக்காகத்தான் இதை எழுதுகிறோம். அந்த வேலைக்கு நாங்கள் ஐந்து பேர், இரண்டு பெண்கள் மூன்று ஆண்கள், இரண்டு சனிக்கிழமை கைகொடுத்தோம். (“சீலை மாத்தப் போறம்” என்று போனில் கதைத்ததைக் கேட்ட ஒரு அம்மா, “ஆற்ற சீலையடா?” என்று பயந்தது தனிக்கதை.)

உள்ளே என்ன நடக்குது எண்டு முதலில் சொல்லவேணும். இந்த மாதிரி வாகனத்தில் முன் அக்சில் என்பது ஒரு நீட்டு இரும்புக் குழாய். நடுவில் கியர்ப் பெட்டி மாதிரி ஒரு வீக்கம், அதற்குள் கியர் ஒயில். இரண்டு முனையிலும் ஒவ்வொரு இரும்பு உருண்டை. சில்லைத் திருப்பும்போது வளைந்து கொடுத்து, அதே நேரம் சில்லைச் சுத்தவும் வைக்கிற மூட்டு அந்த உருண்டைக்குள்தான் இருக்கிறது. அது கிறீசில் ஊறிக்கிடக்கும். குழாய்க்குள் ஒயில், உருண்டைக்குள் கிறீஸ். இரண்டையும் பிரித்து வைத்திருப்பது விரல் மொத்தம்கூட இல்லாத ஒரு றப்பர் வளையம். அதுதான் உள்சீல். அது போனால் ஒயில் உருண்டைக்குள் வந்து கிறீசைக் கரைத்துக் கூழாக்கிவிடும். கூழ் வெளியில் வழியும். சில்லுக்கும் பிறேக்குக்கும் போகும். மூட்டும் பெயாரிங்கும் கிறீஸ் இல்லாமல் தேயத் தொடங்கும்.

சில்லைக் கழற்றிப் பிறேக்கை அவிழ்த்துக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டோம். குழாயில் தொங்கவிட்டால் பிறேக் குழாய் பழுதாகிப்போகும். அடுத்தது ஹப். அதன் போல்ற்றுகளில் கூம்பு வடிவச் சின்ன வளையங்கள் இறுகிப் பிடித்திருக்கும். இழுத்தால் வராது. பித்தளைக் கட்டையை வைத்து அளவாகத் தட்டத் தட்ட அவை தாங்களே துள்ளி வெளியில் வந்தன. உள்ளே பெரிய நட்டு, 54 மில்லிமீற்றர். அதற்கென்று தனிச் சொக்கற் இருக்கு. அந்த நட்டைப் பார்த்ததும் அண்ணை எங்களைக் கிட்டக் கூப்பிட்டார். நாலு பக்கமும் உளித் தழும்பு. முன்பு யாரோ சொக்கற் இல்லாமல் உளி வைத்து அடித்துத் திருப்பியிருக்கிறார்கள். எவ்வளவு இறுக்கினார்கள் என்று அவர்களுக்கே தெரிந்திருக்காது.

பிறகு அண்ணை காரணங்களைத் தேடினார். முதலில் அக்சிலின் மேற்பக்கத்தில் இருக்கிற மூச்சுக்குழாயைப் பார்த்தார். சேறு காய்ந்து கல்லாகி அடைத்திருந்தது. வாகனம் ஓட ஓட அக்சில் சூடாகும். உள்ளிருக்கிற காற்று வெளியேற வழி இல்லாவிட்டால், அது சீலைத் தள்ளிக்கொண்டு ஒயிலோடு வெளியில் வரப்பார்க்கும். சூடான அக்சில் வெள்ளத்துக்குள் இறங்கினால் இதுவே மறுபக்கமாக நடக்கும். உள்காற்று திடீரெனக் குளிர்ந்து சுருங்கி, சீல் ஓரத்தால் தண்ணீரை உறிஞ்சும்.

எங்களில் மூன்று பேர் உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்கள். மாறாக் கனவளவில் வெப்பநிலை ஏற அமுக்கம் ஏறும் என்று எத்தனை தரம் எழுதியிருப்போம். கணக்கும் செய்து புள்ளியும் எடுத்தோம். அந்த விதி ஒரு கெப் வாகனத்தின் வயிற்றுக்குள் இருந்து ஒரு சைக்கிள்காரனை மயிரிழையில் விட்டிருக்கிறது என்று எங்களுக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை.

இரண்டாவது, பெயாரிங். உருண்டையின் மேலும் கீழும் இருக்கிற இரண்டு பெயாரிங்கில்தான் சில்லுப் பகுதி முழுதும் திரும்புகிறது. கீழே இருந்தது துருப்பிடித்துக் குழி விழுந்திருந்தது. பெயாரிங் தேய்ந்தால் உள்ளே சுத்துகிற தண்டு நடுவில் நில்லாது. சீலின் உதடு ஒரு பக்கம் நசியும், மற்றப் பக்கம் விலகும். மூன்றாவது, தண்டையே நகத்தால் தடவிப் பார்க்கச் சொன்னார். பழைய சீல் உரசி ஆழமான கோடு விழுந்திருந்தால் புதுச் சீலும் அதில் வடிவாக இருக்காது. எங்கட காலத்துக்கு அது பெரிசாக இல்லை.

ஆக, கிழிந்தது ஒரு சீல். அதற்குப் பின்னால் அடைபட்ட குழாய் ஒன்று, தேய்ந்த பெயாரிங் ஒன்று, தெரியாமல் இறுக்கின நட்டு ஒன்று. சீலை மட்டும் மாத்தியிருந்தால் அடுத்த மாரிக்கு முன்னமே திரும்ப வழிந்திருக்கும். நாங்களும் “கராஜ்காரன் ஏமாத்திப்போட்டான்” என்று சொல்லியிருப்போம்.

பூட்டுவதும் அப்பிடித்தான். பெயாரிங் மாத்தும்போது அது இருக்கிற வெளி வளையத்தையும், கராஜில் அதைக் ‘கப்’ என்பார்கள், சேர்த்து மாத்தவேணும். பழைய கப்புக்குள் புதுப் பெயாரிங் போடுவது காசை மிச்சம் பிடிப்பது போலத் தெரியும், ஆனால் புதியதையும் பழையது தின்றுவிடும். மேலும் கீழும் இருக்கிற மெல்லிய தகடுகளைத் தனித்தனி ஜாம் போத்தலில் போட்டு ‘மேல்’, ‘கீழ்’ என்று எழுதி வைத்தோம். மாறிப்போனால் நடு விலகிவிடும். கிறீசை உள்ளங்கையில் எடுத்து, பெயாரிங்கின் விளிம்பை அதில் அழுத்தி அழுத்தி, மறுபக்கத்தால் கிறீஸ் எட்டிப் பார்க்கும் வரை நிரப்பினோம். தண்டைத் திரும்ப உள்ளே விடும்போது ஒருவர் அதைக் கையில் தாங்கிப் பிடிக்கவேணும். நுனியில் இருக்கிற பற்கள் பட்டால் புதுச் சீலின் உதடு அங்கேயே வெட்டுப்படும். புதுச் சீல் போட்டும் ஒழுகுது எண்டு சொல்லுற கனக்க வாகனங்களில் நடந்தது இதுதானாம்.

கடைசியாக அந்தப் பெரிய நட்டு. இறுக்கி, ஹப்பை இரண்டு பக்கமும் பல தரம் சுத்தி, தளர்த்தி, திரும்ப அளவாக இறுக்கினார். பிறகு உள்ளே போய் மீன் நிறுக்கிற சுருள் தராசை எடுத்து வந்தார்! அதன் கொழுக்கியைச் சில்லுப் போல்ற்றில் மாட்டி இழுத்தார். ஹப் அசையத் தொடங்குகிற நேரம் தராசு 3 கிலோவுக்கும் 5 கிலோவுக்கும் இடையில் காட்டினால் சரி. குறைந்தால் சில்லு ஆடும், கூடினால் பெயாரிங் எரியும். கம்பனியின் சேர்விஸ் புத்தகமும் சுருள் தராசால் இப்பிடி இழுத்துத்தான் அளக்கச் சொல்கிறது. அண்ணை அந்தப் புத்தகத்தை வாசித்தவர் இல்லை. அது ஆங்கிலத்தில் இருக்கிறது.

இப்ப எங்கட கேள்வி. நோய்க்குறியைப் பார்த்து, மணந்து, காரணங்களை ஒவ்வொன்றாகச் சந்தேகித்து, சோதித்து, அளந்து முடிவெடுக்கிற ஒரு மனிதரை நாங்கள் ஏன் ‘படியாத ஆள்’ என்கிறோம்? இதையே வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் செய்தால் எழும்பி நிற்கிறோமே.

“படிக்காட்டிக் கராஜுக்குத்தான் போவாய்.” இதைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் எங்களில் யாரும் இல்லை. சாதாரணதரம் சரிவராத பெடியனுக்குத் தண்டனை கராஜ். பெடிச்சிக்கு அந்தத் தண்டனைகூடக் கிடையாது. எங்களில் இருவர் கிறீஸ் கையோடு நின்றபோது ரோட்டால் போனவர்கள் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார்கள். ஒரு ஐயா கேட்டே விட்டார்: “பிள்ளையளுக்கு ஏன் இந்த வேலை?”

அரைகுறை வேலைக்குக் கராஜ்காரரை மட்டும் பிழை சொல்லவும் முடியாது. ‘இப்போதைக்கு ஓடினாக் காணும்’ என்று கேட்கிறது நாங்கள்தான். அந்தச் சொல்லுக்கு ஒரு வரலாறு இருக்கு. 90களில் பொருளாதாரத் தடைக்குள் பெற்றோலும் இல்லை, உதிரிப்பாகமும் இல்லை. கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, மண்ணெண்ணெயில் கார் ஓட்டின ஆக்கள் எங்கட அப்பா, மாமாமார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2022 இல் ரூபாயும் சரிந்தபோது பழைய வாகனங்களை உயிரோடு வைத்திருந்ததும் அதே கைகள்தான். ஆனால் அவர்கள் செய்தது துடைத்துவிட்டுப் போவது இல்லை. எது இல்லை, அதற்குப் பதில் எது தாங்கும், எவ்வளவு நாள் தாங்கும் என்று தெரிந்துகொண்டுதான் செய்தார்கள். நாங்கள் அந்த அறிவை விட்டுவிட்டு ‘இப்போதைக்கு’ என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டோம்.

இதை வாசித்துவிட்டு “உழைப்பே உயர்வு” என்று ஒரு பதிவு போட்டுவிட்டுப் போகாதீங்கோ. கராஜ் ஒன்றும் புனிதமான இடம் இல்லை. கையுறை இல்லை, கண்ணாடி இல்லை, ஜாக்குக்குக் கீழே முட்டுக்கட்டை வைக்காமல் படுக்கிறார்கள். சேமலாப நிதி இல்லாமல் முப்பது வருசம் வேலை செய்தவர்கள் இருக்கிறார்கள். ‘பழகுற பெடியன்’ என்ற பெயரில் சம்பளம் இல்லாமல் வேலை வாங்குவதும் நடக்கிறது. மரியாதை என்பது இதெல்லாம் மாறுவதுதான். சும்மா புகழ்வதால் ஒரு கையுறைகூட வராது.

வழிகள் இல்லாமலும் இல்லை. தேசிய தொழிற்தகைமையில், அதுதான் என்.வி.கியூ., ஏழு மட்டங்கள் இருக்கின்றன. ஏழாவது பட்டத்துக்குச் சமன். கராஜிலேயே பழகினவர்கள் தங்கட அனுபவத்தை மதிப்பீடு செய்வித்துச் சான்றிதழ் எடுக்கலாம். கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016 இல் திறந்த இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகத்தில் மோட்டார் வாகனத் தொழில்நுட்பம் படிக்கலாம். உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு 2013 இல் இருந்து இருக்கு. கதவு திறந்துதான் இருக்கிறது. வாசலில் நின்று “அங்க போகாத, மானம் போகும்” என்று சொல்கிறது நாங்களும் எங்கட வீடுகளும்.

நாங்கள் தொடங்கியிருப்பது சின்ன வேலை. அண்ணை சொல்லச் சொல்ல ஒரு கொப்பியில் தமிழில் எழுதுகிறோம். எந்தத் தகடு எங்கே, எந்தச் சத்தத்துக்கு எந்தப் பெயாரிங், எதை மணந்தால் என்ன தெரியும் என்று, அவர் பாவிக்கிற அதே சொற்களில். நாற்பது வருசம் சேர்ந்த அறிவு ஒருவரின் விரலிலும் மூக்கிலும் மட்டும் இருந்தால், அவரோடு அது போய்விடும். அண்ணைக்குப் பின்னால் பழக அந்தக் கராஜில் இப்ப ஒரு பெடியனும் இல்லை.

வலப்பக்கம் முடிந்தது. பரந்தன் சந்தியில் இப்ப வாகனம் நேராக நிற்கிறது. இடப்பக்கம் இன்னும் திறக்கவில்லை. “அது ஒழுகேல்லைத்தானே, இப்போதைக்கு விடுவம்” என்று மாமா திரும்பத் தொடங்கினார். அண்ணை ஒன்றும் சொல்லவில்லை. கழற்றின பழைய சீலை எடுத்து மாமாவின் கையில் வைத்தார். றப்பர் காய்ந்து பிளாஸ்ரிக் மாதிரி இருந்தது. “இதுக்கும் அதுக்கும் ஒரே வயசு” என்றார்.

வாற சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு இடப்பக்கம். விருப்பமான ஆக்கள் பழைய உடுப்போட வாங்கோ. தேத்தண்ணி மாமாவின் செலவு.