டிவி கோர்ட்டும் பாலாத்து கேஸும்

போன மாசம் சேர்ந்தாப்புல மூணு நாள் லீவு கெடைச்சதுன்னு பெங்களூர்ல இருந்து ஆம்பூருக்கு வந்திருந்தேன். சாயங்காலம் ஆறரை மணி இருக்கும். ஷூ கம்பெனி வண்டி தெருமுனையில ஆளுங்களை இறக்கி விட்டுட்டுப் போச்சு. எதிர்வீட்டு அக்கா நேரா எங்க வீட்டுக்கு வந்து, சாப்பாட்டு டப்பாவைக் கூட கீழ வைக்காம அம்மா பக்கத்துல உக்காந்துட்டாங்க. ரெண்டு பேரும் ஒரே போன்ல எதையோ பார்த்துட்டு இருந்தாங்க. எட்டிப் பார்த்தா 'சொல்வதெல்லாம் உண்மை'யோட பழைய எபிசோடு. நிகழ்ச்சி நின்னு வருஷக்கணக்கா ஆச்சு, இவங்க மட்டும் நிறுத்தல :-)

நம்ம வாய் சும்மா இருக்குமா? "என்னம்மா இப்படிப் பண்றீங்களேம்மா"ன்னு குரலை மாத்தி ஒரு சவுண்டு விட்டேன். அம்மா சிரிச்சாங்க. அக்கா சிரிக்கல. போன்ல இருந்து கண்ணை எடுக்காமயே சொன்னாங்க: "நீ சிரிக்கிற தம்பி. அந்தப் பொண்ணு சொல்றதை எதிர்ல உக்காந்து ஒருத்தர் முழுசா கேக்கறாங்க இல்ல? எனக்கு அப்படி யாரு கேட்டாங்க?"

திரும்ப பெங்களூருக்கு ரயில் ஏறுற வரைக்கும் இதே ஞாபகம். அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க மக்களே.

முதல்ல ஒரு சின்ன ஃப்ளாஷ்பேக். நம்ம ஊருக்கு இந்த டிவி பஞ்சாயத்து புதுசு இல்ல. விஜய் டிவியில நடிகை லட்சுமி நடத்தின 'கதையல்ல நிஜம்' பத்தி அம்மா இன்னும் பேசுவாங்க. 2011-ல ஜீ தமிழ்ல 'சொல்வதெல்லாம் உண்மை' வந்துச்சு. முதல்ல நிர்மலா பெரியசாமி, அப்புறம் லட்சுமி ராமகிருஷ்ணன். அவங்க பேசின அந்த ஒரு வரியை விஜய் டிவி காமெடி மேடையில ராமர் கலாய்க்க, அது அப்படியே சினிமாப் பாட்டுக்குள்ளயும் போயிடுச்சு ('ரஜினி முருகன்'). 2018-ல மெட்ராஸ் ஹைகோர்ட்டோட மதுரைக் கிளை நிகழ்ச்சிக்கு இடைக்காலத் தடை போட்டது. நடுவுல சன் டிவியில குஷ்பூ 'நிஜங்கள்' நடத்தினாங்க.

வெளிநாட்டுலயும் இது உண்டு. அமெரிக்காவுல 1981-லயே 'பீப்பிள்ஸ் கோர்ட்' வந்தாச்சு. 1996-ல இருந்து 2021 வரைக்கும் 'ஜட்ஜ் ஜூடி' ஓடுச்சு. ஆனா ஒரு முக்கியமான வித்தியாசம். அங்க ரெண்டு தரப்பும் 'இவங்க சொல்ற முடிவுக்குக் கட்டுப்படறோம்'னு முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுட்டு வருவாங்க. சின்னச் சின்னக் கடன், வாடகை, அட்வான்ஸ் மாதிரி பணத் தகராறுதான் நிறைய. தோத்தவர் கொடுக்க வேண்டிய பணத்தையே நிகழ்ச்சிக்காரங்க கொடுத்துடுவாங்க. இந்தியிலயும் 2008-ல கிரண் பேடி 'ஆப் கீ கச்சேரி' நடத்தினாங்க. நம்ம நிகழ்ச்சிகள்ல அப்படி எந்த ஒப்பந்தத் தீர்ப்பும் கிடையாது. நடத்துறவங்களுக்கு அதிகாரம்னு ஒண்ணும் கிடையாது. ஆனா மேட்டர் மட்டும் கல்யாணம், கள்ள உறவு, யாரோட புள்ளை, யாரு யாரை அடிச்சாங்க... இப்படி இருக்கறதுலயே ரொம்ப ரணமான விஷயங்கள்.

சரி, ஏன் பார்க்கறோம்? அடுத்தவன் வீட்டு சண்டையை எட்டிப் பார்க்கிற ஆசைன்னு ஒரே வரியில முடிச்சிடலாம். அது உண்மையும் கூட. ஆனா அது மட்டும் இல்லன்னு தோணுது.

நியாயம் கேக்கிற காட்சின்னா தமிழனுக்கு எப்பவுமே ஒரு இது. ஒத்தச் சிலம்போட பாண்டியன் சபைக்குள்ள நுழைஞ்ச கண்ணகியில ஆரம்பிக்குது. கன்னுக்குட்டிக்காக மகனையே தேர்க்கால்ல இட்ட மனுநீதிச் சோழனுக்கு மெட்ராஸ் ஹைகோர்ட் வளாகத்துல சிலையே இருக்கு. 'பராசக்தி' (1952) கோர்ட் சீன், 'விதி' (1984) கோர்ட் சீன். 'விதி' வசனத்தை டீக்கடையில எல்லாம் கேசட்டுல போடுவாங்களாம், படத்துப் பாட்டுக்கு இல்ல, வசனத்துக்கு! அப்புறம் 'நாட்டாமை' (1994). பொங்கல் தீபாவளின்னா நடுவர் தீர்ப்பு சொல்ற பட்டிமன்றம். இதுல எல்லாம் பொதுவா என்ன இருக்கு? பாதிக்கப்பட்ட ஆளு எழுந்து நின்னு தன் வாயால, தன் பாஷையில சொல்றாங்க. எதிர்ல இருக்கிறவன் பதில் சொல்லியே ஆகணும். அதே இடத்துல, அதே நாள்ல தீர்ப்பு. வாய்தா கிடையாது.

இப்ப நம்ம ஊர் கேஸுக்கு வர்றேன்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை... இந்தப் பக்கம் இருக்கிறவங்களுக்கு நான் சொல்லவே வேணாம். தோல் ஷாப்பும் ஷூ கம்பெனியும்தான் எங்களுக்கு சோறு. என்னை இன்ஜினியரிங் படிக்க வச்சதே ஷூ கம்பெனிச் சம்பளம்தான். அதே தோல் ஷாப்புக் கழிவுத் தண்ணிதான் பாலாத்துல போச்சு. தாத்தா காலத்துக் கிணத்துத் தண்ணியை வாயில வச்சா உப்பும் கசப்பும். தென்னை எல்லாம் ஒவ்வொண்ணா மொட்டையாச்சு.

1991-ல வேலூர் குடிமக்கள் நல மன்றம் சுப்ரீம் கோர்ட்டுல ஒரு மனு போட்டாங்க. நான் அப்ப பொறக்கவே இல்ல. 1996 ஆகஸ்டு 28-ல தீர்ப்பு வந்துச்சு. நீதிபதி குல்தீப் சிங். அஞ்சு மாவட்டத்துல 900-க்கும் மேல தோல் ஷாப்புங்க, இந்தப் பகுதியில கிட்டத்தட்ட 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் ஓரளவோ முழுசாவோ பயிருக்கு லாயக்கில்லாமப் போச்சுன்னு அந்தத் தீர்ப்புலயே இருக்கு. ஒவ்வொரு தோல் ஷாப்புக்கும் 10,000 ரூபாய் அபராதம். 'கெடுத்தவனே காசு கொடுக்கணும்'ங்கிற கொள்கை இந்தியச் சட்டத்துல காலூன்றினதுல இந்தக் கேஸுக்குப் பெரிய பங்கு. சட்டக் கல்லூரியில இன்னைக்கும் 'வேலூர் கேஸ்'னு சொல்லித்தான் பாடம் நடத்துறாங்க.

அதோட முடிஞ்சுதா? 2025 ஜனவரி 30-ல அதே சுப்ரீம் கோர்ட் பாலாத்து மாசு விஷயத்துல திரும்பவும் ஒரு தீர்ப்பு கொடுத்துச்சு. பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு இழப்பீடு கொடு, கெடுத்தவங்ககிட்ட இருந்து அதை வசூல் பண்ணு, ஓய்வு பெற்ற ஹைகோர்ட் நீதிபதி தலைமையில குழு போட்டு கண்காணின்னு உத்தரவு. கணக்குப் போட்டுப் பாருங்க. 1991-ல இருந்து 2025. முப்பத்து நாலு வருஷம். என் வயசை விட அதிகம்.

இந்த முப்பத்து நாலு வருஷத்துல எந்த டிவி கோர்ட்டாவது தோல் ஷாப்பு முதலாளியை ஒரு பக்கமும், கிணறு கெட்டுப்போன விவசாயியை இன்னொரு பக்கமும் உக்கார வச்சு "ஏம்பா இப்படிப் பண்ணினீங்க"ன்னு கேட்டு நான் பார்த்ததில்ல. 2015 ஜனவரி கடைசியில ராணிப்பேட்டை சிப்காட்டுல கழிவுத் தொட்டிச் சுவர் இடிஞ்சு, தூங்கிட்டு இருந்த தொழிலாளிங்க மேல சேறு பாஞ்சு பத்து பேர் செத்தாங்க. அதுக்கும் அந்த மாதிரி ஒரு மேடை நான் பார்க்கல. டிவி கோர்ட்டுக்கு எப்பவுமே கூண்டுல ஏத்தறதுக்கு வேணும்கிறது ஏழை. அவனால திருப்பி வழக்குப் போட முடியாது, வக்கீல் நோட்டீஸ் விட முடியாது. பணக்காரன் வீட்டுல புருஷன் பொண்டாட்டி சண்டையே வர்றதில்லையா என்ன?

ஆக, அந்த நிகழ்ச்சிங்க ஏன் ஓடுச்சுன்னா, நிஜ கோர்ட்டு இவ்ளோ மெதுவா நடக்கறதாலதான். ஆனா அந்த ஆத்தாமையைக் காசாக்கினாங்களே தவிர, தீர்த்து வைக்கல.

எங்க தெருவுலயே ஒரு கதை இருக்கு. பேர் எதுவும் வேணாம், எந்த நிகழ்ச்சின்னும் வேணாம். பல வருஷத்துக்கு முன்னாடி ஒரு அம்மா புருஷனோட தகராறுன்னு ஒரு டிவி நிகழ்ச்சிக்குப் போனாங்க. கார் வச்சுக் கூட்டிட்டுப் போனாங்க, நல்லா சாப்பாடு போட்டாங்க. மேடையில அழுதாங்க. புருஷன் கால்ல விழுந்தான். ஸ்டூடியோவே கை தட்டுச்சு. ஊருக்கு வந்த நாலாவது நாள் "என் மானத்தை வாங்கிட்டியே"ன்னு அதுக்கும் சேர்த்து அடி. அவங்க பையனுக்கு அப்ப பதிமூணு வயசு. ஸ்கூல்ல பசங்க அவன் அம்மா அழுத மாதிரியே அழுது காட்டுவாங்க. பத்தாவதோட நின்னுட்டான்.

இதுல நான் ஒண்ணு ஒத்துக்கணும். அழுது காட்டின கூட்டத்துல நானும் ஒருத்தன். அவனுக்கு ரெண்டு வகுப்பு மூத்தவன் நான். இப்ப எழுதும்போது கை கூசுது.

சாஃப்ட்வேர்காரனா இன்னொண்ணும் தெரியும். அந்த வீடியோ இன்னும் இருக்கு. நிகழ்ச்சி நின்னாலும் கிளிப் நிக்காது. ஒருத்தர் டெலிட் பண்ணினா இன்னொருத்தர் தலைப்பை மாத்தி ஏத்துவாங்க. அந்தப் பையனுக்குக் கல்யாணம் பேசும்போது பொண்ணு வீட்டுக்காரங்க முதல்ல பார்க்கப் போறது அதைத்தான்.

"அவங்களே விருப்பப்பட்டுத்தானே வந்தாங்க?" இதைத்தான் எல்லாரும் கேப்பீங்க. ஸ்டேஷன்ல தொரத்திவிட்டு, வக்கீல் ஃபீஸுக்கு வழியில்லாம, சொந்தக்காரங்க கதவைச் சாத்தினதுக்கு அப்புறம் போடற கையெழுத்து எந்த வகை விருப்பம்? சரி, அவங்க விருப்பம்னே வச்சுப்போம். அந்தப் பதிமூணு வயசுப் பையன் எங்க கையெழுத்துப் போட்டான்?

வேடிக்கை என்னன்னா, சட்டம் இதுல ரொம்பத் தெளிவா இருக்கு. இந்து திருமணச் சட்டத்தோட 22-வது பிரிவு, கல்யாண வழக்கு விசாரணையை மூடின அறையில நடத்தணும், அங்க நடக்கறதை அச்சடிக்கவோ வெளியிடவோ கூடாதுன்னு சொல்லுது. அதாவது நிஜ கோர்ட்டுக்குப் போனா உங்க மானத்துக்கு ஒரு கதவு உண்டு. டிவி கோர்ட்டுக்குப் போனா அந்தக் கதவையே கழட்டி வித்துடுவாங்க.

இப்ப எதிர்வீட்டு அக்கா. அவங்க கதையை இங்க சொல்லப் போறதில்ல (சொன்னா நானும் டிவிக்காரனும் ஒண்ணுதானே!). அவங்களுக்கு என்ன தெரியலங்கிறதை மட்டும் சொல்றேன். 1987-ல வந்த சட்டப் பணிகள் ஆணையச் சட்டம்னு ஒண்ணு இருக்கு. அதோட 12-வது பிரிவுப்படி பொம்பளைங்களுக்கு, வருமானம் எவ்ளோன்னு பார்க்காம, இலவச வக்கீல் உதவி உண்டு. தொழிற்சாலைத் தொழிலாளிக்கும் உண்டு. அப்ப ஷூ கம்பெனியில வேலை செய்யற பொம்பளைக்கு ரெண்டு வழியில தகுதி இருக்கு. 15100-ங்கிற நம்பருக்குப் போன் போடலாம். லோக் அதாலத்துல சமரசமானா அது சிவில் கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அதுக்கு மேல அப்பீல் கிடையாது, கோர்ட் ஃபீஸும் திரும்பக் கிடைக்கும். குடும்ப நீதிமன்றத்துல வக்கீல் வச்சுத்தான் ஆகணும்னு இல்ல, நம்ம கதையை நாமே சொல்லலாம். இது எதுவும் அக்காவுக்குத் தெரியாது. எனக்கும் போன மாசம் வரைக்கும் தெரியாது. டிவி நிகழ்ச்சிக்கு எந்த நம்பர்ல கூப்பிடணும்னு மட்டும் ரெண்டு பேருக்கும் தெரியும். இது யாரோட தப்பு?

லீவை ஒரு நாள் தள்ளிப் போட்டு அக்காவோட சட்டப் பணிகள் குழு ஆபீஸுக்குப் போனேன். ஏசி இல்ல, மேக்கப் இல்ல, பின்னணி இசை இல்ல. ஒரு மேடம் பேப்பரை எடுத்து வச்சுட்டு "சொல்லும்மா"ன்னாங்க. என்னை வெளிய உக்காரச் சொல்லிட்டாங்க, அதுவே எனக்குப் பிடிச்சிருந்தது. முக்கால் மணி நேரம் கழிச்சு அக்கா வெளிய வந்தாங்க. கண்ணு செவந்திருந்தது.

"இன்னா அக்கா, இன்னா சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல தம்பி. எழுதிக்கிட்டாங்க. அவரையும் கூப்பிடுவாங்களாம்."

தீர்ப்பு இன்னும் வரல. நல்லா முடியும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். முப்பத்து நாலு வருஷக் கேஸைப் பார்த்த ஊர்க்காரன் நான். வாய்தா இருக்கும், அலைச்சல் இருக்கும். கோர்ட்டுகள் அந்த டிவிக்காரங்ககிட்ட கத்துக்க வேண்டியது ஒண்ணு இருக்குன்னும் நினைக்கிறேன்: வந்தவங்களை அவங்க பாஷையில, அவங்க வேகத்துல பேச விடறது. அதை மட்டும் எடுத்துக்கிட்டு கேமராவை அணைச்சுட்டா போதும்.

நாம பண்ண வேண்டியது அதை விடச் சின்னது. அடுத்த தடவை யாரோ அழற மீம் வந்தா, ஃபார்வர்டு பண்றதுக்கு முன்னாடி அவங்களுக்கு ஸ்கூல் போற புள்ளை இருக்குமான்னு ஒரு நிமிஷம் யோசிங்க. நான் இதை ரொம்ப லேட்டா யோசிச்சேன்.

நேத்து அம்மாவுக்குப் போன் பண்ணினேன். பின்னாடி அதே பழைய எபிசோடு சத்தம் கேட்டுச்சு. "அக்கா வந்திருக்காங்களா?"ன்னு கேட்டேன்.

"இல்லடா, இன்னைக்கு ஓவர்டைம். நான்தான் பார்த்துட்டு இருக்கேன்"னாங்க அம்மா.

அவ்வ்வ்... சரி, ஒவ்வொருத்தரா மாத்துவோம் :-)

டிஸ்கி: அந்தக் கிளிப்போட லிங்க் யாரும் பின்னூட்டத்துல கேக்காதீங்க, கண்டுபிடிச்சாலும் போடாதீங்க. மத்தபடி திட்டறதுன்னா தாராளமா திட்டலாம்.