எத்தனை வீடுகள்?

வீடு!

இரண்டே எழுத்து. ஆனால் அந்த இரண்டெழுத்துக்குத் தமிழிலே இரண்டு பொருள் உண்டு. ஒன்று, மண்ணாலும் கல்லாலும் எழுப்பி, மழைக்கும் வெயிலுக்கும் மறைவாக மனிதன் குடியிருக்கும் இல்லம். மற்றொன்று, இவ்வுலகை விட்டுச் சென்றபின் உயிர் போய்ச் சேருமெனச் சொல்லப்படும் மோட்சம். முதல் வீட்டைக் கண்ணால் காணலாம், கையால் தொடலாம், கூரை ஒழுகினால் ஓடு மாற்றலாம். இரண்டாவது வீட்டைக் கண்டு திரும்பியவர் எவருமில்லை. எனினும், காணாத வீட்டைப்பற்றிக் காலட்சேபம் செய்ய ஆயிரம் நாவுகள் இருக்கின்றன. கண்ணெதிரே வீடின்றித் தவிப்பவனைப்பற்றிப் பேசத்தான் நா எழுவதில்லை!

“இந்த உடல் ஒரு வாடகை வீடு. உயிர் சிலநாள் இதிலே குடியிருந்துவிட்டு வேறு வீடு தேடிப் போய்விடும். ஆகவே நிலையாத இவ்வீட்டின்மீது பற்று வைக்காதே” என்கிறார் புராணிகர். கேட்போர் தலையசைக்கின்றனர். நாம் தலையசைக்க மறுக்கிறோம். வாடகை வீட்டை இவ்வளவு எளிதாக உவமைக்கு இழுக்கும் பெரியவர், வாடகை வீட்டிலே வாழ்ந்து பார்த்ததுண்டா என்று கேட்கிறோம். முதல் தேதி நெருங்கும்போது நெஞ்சு படும் பாட்டை அவர் அறிவாரா? “அடுத்த மாதம் காலி செய்துவிடு” என்ற சொல் காதில் விழும்போது, அடுப்பில் வைத்த உலை கொதிக்கும் முன்னே உள்ளம் கொதிப்பதை அவர் உணர்ந்ததுண்டா?

ஒரு மனிதன் தன் வாழ்நாளில் எத்தனை வீடுகளில் வாழ்கிறான்? ஏடுகளைப் புரட்டி இதற்கு விடை தேட வேண்டாம், தோழர்களே. ஆரணிக்கு வாருங்கள்.

கமண்டல நாகநதிக் கரையிலே இருக்கும் ஊர் ஆரணி. அன்றைய வட ஆர்க்காட்டிலும் இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்திலும் பட்டுக்குப் பேர்போன ஊர். அதன் பட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. ஆரணிப் பட்டு என்ற பெயரை வேறெவரும் தம் துணிக்குச் சூட்டிக்கொள்ளக்கூடாது என்று சட்டம் காவல் நிற்கிறது. பட்டின் பெயருக்குக் காவல் உண்டு. பட்டு நெய்பவனின் கூரைக்குக் காவல் உண்டா?

நெசவாளர் தெருவிலே நடந்து பாருங்கள். மற்ற ஊர்களிலே வீடு என்றால் உண்ணவும் உறங்கவும் ஓர் இடம். இங்கே வீடுதான் ஆலை. கூடத்தின் நடுவே தரையிலே குழி வெட்டியிருக்கிறது. அதிலே கால்களை இறக்கி அமர்ந்து, மிதிபலகையை மிதித்து, நாடாவை இடமும் வலமும் ஓடவிடுகிறான் நெசவாளி. அவன் மனைவி ஊடைக்குத் தார் சுற்றுகிறாள். அறுந்த இழையைப் பிணைக்கிறாள். விடியற்காலையிலே பாவு தெருவெல்லாம் நீண்டு கிடக்கிறது. வீட்டின் பெரும்பகுதியைத் தறி எடுத்துக்கொள்ள, மிச்சமிருக்கும் மூலையிலே அடுப்பு, மற்றொரு மூலையிலே பாய், உத்தரத்திலே குழந்தையின் தூளி. தறி குடியிருக்கும் வீட்டிலே மனிதர்கள் ஒண்டிக் கிடக்கிறார்கள் என்பதே பொருத்தம்!

இவன் வாழ்ந்த வீடுகளை எண்ணிப் பார்ப்போம். பிறந்தது தாயின் தாய்வீட்டிலே; தலைப்பிள்ளைக்கு அதுதானே வழக்கம்! தவழ்ந்தது தகப்பன் வாடகைக்கு எடுத்த வீட்டிலே. பள்ளிக்கு நடந்தது வேறொரு வீட்டிலிருந்து; ஏனெனில் முதல் வீட்டுக்காரர் வாடகையை ஏற்றிவிட்டார். திருமணமானதும் ஒரு கூடத்திலே இரண்டு தறி கொள்ளாதென்று தனிக்குடித்தனம். அந்த வீட்டுக்காரரின் மகனுக்கு மணம் வந்தது, இவனுக்குக் காலி செய்யச் சொல்லும் கட்டளை வந்தது. அடுத்த வீட்டிலே மழைநீர் குழிக்குள் புகுந்தது. அதற்கடுத்த வீட்டுக்காரரோ, பளபளக்கும் கல் பதித்த தரையிலே குழி வெட்டக் கூடாது என்றார். இப்படி விரல் மடக்கி எண்ணிக்கொண்டே போனால் இரு கை விரல்களும் போதாமற் போகும்.

மற்றவர்கள் வீடு மாறினால் பெட்டியும் பாத்திரமும் வண்டியேறும். நெசவாளி வீடு மாறினால் பிழைப்பே பெயர்ந்தாக வேண்டும். மூன்று, நான்கு சேலைக்கான பாவு தறியிலே ஏறியிருக்கும். பாதியிலே கழற்றினால் பாவு பாழ். முடித்துவிட்டுப் போகலாமென்றால் வீட்டுக்காரர் பொறுக்கமாட்டார். பழைய குழியை மூடிக் கொடுக்க வேண்டும். புதிய குழியை வெட்ட வேண்டும். தறியை மறுபடி நாட்டி, இழைகளைச் சீராக்கி, முதல் சேலை இறங்குமளவும் கூலி கிடையாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலோ குழியிலே ஈரம் ஊறும். தறி நிற்கும்; கூலி நிற்கும்; வாடகை மட்டும் நிற்காது!

வீட்டைத் தேடிப் போகும்போது நடக்கும் உரையாடலையும் கேளுங்கள்.

“ஐயா, வீடு காலியாக இருக்கிறதாமே?”

“இருக்கிறது. எத்தனை பேர்?”

“நாங்கள் இருவர், இரண்டு பிள்ளைகள், என் தாயார்.”

“சரி. என்ன ஆட்கள் நீங்கள்?”

“நெசவாளிங்க.”

“தொழிலைக் கேட்கவில்லையப்பா. ஆட்கள் யாரென்று கேட்டேன்.”

இந்தக் கடைசிக் கேள்விக்குச் சொல்லும் விடையிலேதான் சாவி இருக்கிறது. வாடகை தர வல்லவனா, ஒழுக்கமுள்ளவனா என்பதெல்லாம் பிறகு. முதலிலே பிறப்பு! செங்கல்லுக்குச் சாதியில்லை, சுண்ணாம்புக்குச் சாதியில்லை, அவ்விரண்டும் சேர்ந்து சுவரானதும் எங்கிருந்து வந்து ஒட்டிக்கொள்கிறது சாதி? வீட்டு வாடகைக்கென 2017ஆம் ஆண்டிலே தமிழ்நாட்டில் ஒரு சட்டம் வந்தது. ஒப்பந்தம் எழுத்திலே இருக்க வேண்டும், வேறு உடன்பாடு இல்லாவிடில் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்போகக் கூடாது என்றெல்லாம் அது கூறுகிறது. நல்லதுதான். ஆனால் திண்ணையிலே நின்று சாதி கேட்கும் நாவுக்கு எந்த ஒப்பந்தம் பூட்டுப் போடும்?

முன்பணம் என்றதும் வேறொன்று நினைவுக்கு வருகிறது. நெசவாளி வீட்டுக்காரருக்கு முன்பணம் கொடுக்கிறான். பட்டு முதலாளியிடம் முன்பணம் வாங்குகிறான். கொடுத்த முன்பணம் அவனை வீட்டிலே வைத்திருக்கப் போதவில்லை. வாங்கிய முன்பணமோ அவனை விடுவதாயில்லை! அது தீருமளவும் வேறு முதலாளியின் பாவை அவன் தறியிலே ஏற்ற முடியாது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. சட்டம் பிறந்தபிறகும் கடனுக்கு ஈடாகப் பிள்ளைகளைப் பட்டுத் தறியிலே உட்காரவைத்த கொடுமை நம் நாட்டிலே நடந்தது என்பதை மறக்கலாமா?

இனி மறுபக்கம் பாருங்கள். ஆரணிக்கு அருகே படவேடு என்றோர் ஊர். படைவீடு என்பதே அதன் பழம்பெயர். சம்புவராயர்கள் வீற்றிருந்த தலைநகரம். மன்னனுக்குப் படைவீடு உண்டு. முருகனுக்கோ ஆறு படைவீடுகள்! ஆறு வீடும் வாடகையின்றி, வரியின்றி, காலி செய்யச் சொல்லுவாரின்றி! ஆரணிப் பகுதியை ஆண்ட ஜாகீர்தார் குடும்பம் பூசிமலைக்குப்பத்திலே காட்டோரமாக எழுப்பிய மாளிகையோ இன்று பாழடைந்து கிடக்கிறது. வாழ ஆளில்லாத வீடு அங்கே. வாழ வீடில்லாத ஆள் இங்கே. இதை விதி என்பதா, சதி என்பதா?

ஆணின் கதையே இதுவென்றால், பெண்ணின் கதை என்ன?

அவளுக்குத் தமிழிலே இரண்டு வீடுகளைச் சொல்லிவைத்திருக்கிறோம். பிறந்த வீடு, புகுந்த வீடு. பிறந்தது தகப்பன் வீடு. புகுந்தது கணவன் வீடு. முதுமையிலே மகன் வீடு. அவளுடைய வீடு எது? “நீ வேறு வீட்டுக்குப் போகப்போகிறவள்” என்று சொல்லியே வளர்க்கிறாள் தாய். “நீ வேறு வீட்டிலிருந்து வந்தவள்” என்று சொல்லியே வாட்டுகிறாள் மாமி. போகும் இடத்துக்கும் வந்த இடத்துக்கும் நடுவே, இருக்கும் இடம் என்று ஒன்று அவளுக்கு எழுதப்படவில்லை!

பெண்களுக்குச் சொத்திலே சரிபங்கு வேண்டும் என்று 1929 பிப்ரவரியிலே செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாடு தீர்மானித்தது. குடும்பம் குலைந்துவிடும் என்று கூச்சலிட்டனர் வைதிகர். 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் பெண்ணுக்குப் பங்கு தந்ததே என்பார்கள். தந்தது, கூடவே 23ஆம் பிரிவு என்றொரு தாழ்ப்பாளையும் போட்டது. குடும்பம் குடியிருக்கும் வீட்டைப் பிரித்துத் தருமாறு பெண் வாரிசு கேட்க முடியாது. ஆண் வாரிசுகள் தமக்குள் பிரித்துக்கொள்ள மனம் வைக்குமளவும் அவள் காத்திருக்க வேண்டும். சரி, அந்த வீட்டிலே வசிக்கவாவது மகளுக்கு உரிமை உண்டா? மணமாகாதவளாகவோ, கணவனால் கைவிடப்பட்டவளாகவோ, அவனைப் பிரிந்தவளாகவோ, அவனை இழந்தவளாகவோ இருந்தால் உண்டு! வாழ்வு கெட்டு வந்தால் வா, வாழ்வோடு வந்தால் விருந்தாளியாக வந்து போ என்பதுதானே இதன் பொருள்?

1989இலே தமிழ்நாடு, அதுவரை மணமாகாதிருந்த மகளுக்கும் குடும்பச் சொத்திலே மகனுக்கு நிகரான பங்கு என்று சட்டம் செய்தது. 2005இலே இந்திய நாடு முழுமைக்கும் அந்த உரிமை விரிந்தது. 23ஆம் பிரிவும் அன்றுதான் நீக்கப்பட்டது. செங்கற்பட்டிலே கேட்ட கேள்விக்கு விடை வர 76 ஆண்டுகள்! மகளின் உரிமை அவள் பிறப்பாலேயே வருவது. 2005இலே தந்தை உயிரோடு இருந்தாரா என்று பார்க்க வேண்டியதில்லை என்று உச்சநீதிமன்றம் தெளிவாக்கியது 2020இலேதான். இவ்வளவுக்குப் பிறகும் அண்ணன் தம்பி மனம் நோகக்கூடாதென்று, விடுதலைப் பத்திரத்திலே கையெழுத்திடும் சகோதரிகளை நாம் காண்கிறோம். கைத்தறித் தொழிலிலே ஈடுபட்டோர் 35 இலட்சத்துக்கு மேல் என்றும், அவர்களிலே நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்டோர் பெண்கள் என்றும் 2019-20ஆம் ஆண்டு இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு கூறிற்று. தார் சுற்றும் கைக்குச் சொந்தமாக ஒரு கதவு வேண்டாமா?

“அப்படியானால் பிறந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்து மடிவதுதான் பேரின்பம் என்கிறீர்களா?” என்று கேட்பர் சிலர்.

இல்லை! ஒருவன் வாழ்நாள் முழுதும் ஒரே வீட்டிலே இருந்தான் என்பது சிறப்பாகவும் இருக்கலாம்; சிறையாகவும் இருக்கலாம். 1953இலே ஒரு கல்வித் திட்டம் வந்ததே, நினைவிருக்கிறதா? அரைநாள் பள்ளி, மீதி நாள் தகப்பன் தொழில். நெசவாளி மகனே, நீ பிறந்த வீட்டுக் குழியைவிட்டு எழாதே என்று அன்பாகச் சொன்ன திட்டம்! குலக்கல்வி என்று அதற்குப் பெயரிட்டுத் தமிழகம் திரண்டு எதிர்த்தது. 1954இலே அது தொலைந்தது. அதே 1953இலேதான் அறிஞர் அண்ணாவும் தோழர்களும் கைத்தறித் துணியைத் தோளிலே சுமந்து தெருத் தெருவாக விற்றனர். நெசவாளிக்குச் சோறு வேண்டும். நெசவாளி மகனுக்கு நெசவை விட்டுச் செல்லும் உரிமையும் வேண்டும். ஒரே ஆண்டிலே எழுந்த இவ்விரு குரலுக்கும் இடையே முரண் இல்லை.

குலத்தொழில் ஆண்டவன் ஏற்பாடு என்போருக்கு ஒரு கல்வெட்டைக் காட்டுகிறோம். இன்றைய மத்தியப் பிரதேசத்திலுள்ள மண்டசோரிலே கிடைத்தது அது. லாட நாட்டிலிருந்து பட்டு நெசவாளர் கூட்டமொன்று பெயர்ந்து அங்கே குடியேறியது, கி.பி. 437இலே ஒரு கோயில் எழுப்பியது. 473இலே அதைப் புதுப்பித்தது. குடியேறியவர்களில் சிலர் நெசவைத் தொடர்ந்தனராம். சிலர் வில்வித்தை பயின்றனராம், சிலர் வான்நூல் கற்றனராம், சிலர் போர்வீரராயினராம். ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன்னே, வீடு மாறியவர்கள் தொழிலையும் மாற்றிக்கொண்டார்கள்; வானம் இடிந்து விழவில்லை! மாறாதது மனுதருமம் என்று எழுதிவைத்தவர்களைக் கல்லே பொய்யராக்கிவிட்டது.

ஆகவே, எத்தனை வீடு என்ற எண்ணிக்கையல்ல நம் கவலை. ஒன்றோ ஒன்பதோ, அதை முடிவு செய்தது யார் என்பதே கேள்வி. விரும்பிப் போனவனுக்குப் பத்து வீடும் பயணம். விரட்டப்பட்டவனுக்கு இரண்டாவது வீடே நாடுகடத்தல். விரும்பித் தங்கியவனுக்கு ஒரே வீடு இன்பம். விடமாட்டோமென்று கட்டி வைக்கப்பட்டவனுக்கு அதே வீடு கூண்டு. இருக்க உரிமை, எழுந்து போக உரிமை, இவ்விரண்டும் சேர்ந்தால்தான் அது வீடு.

வழி இல்லாமலில்லை. 1997இலே கலைஞர் அரசு தொடங்கிய பெரியார் நினைவு சமத்துவபுரம் ஒரு வழிகாட்டி. ஒவ்வொன்றிலும் நூறு வீடுகள். தாழ்த்தப்பட்டோருக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மற்றவர்க்கு 10. “என்ன ஆட்கள்?” என்று கேட்கத் திண்ணையிலே எவரும் இல்லாத தெரு! அந்தத் தெருவை ஊருக்கு வெளியே மட்டும் நிறுத்திவிடாமல் ஊருக்குள்ளும் கொண்டுவருவது நம் கடமை.

ஆரணித் தோழர்களுக்குச் சொல்கிறோம். நெசவாளிக்குக் கட்டும் வீடு தறிக்கூடத்தோடு, மழைநீர் புகாத மேடையோடு அமையட்டும். அதன் பட்டாவிலே பெண்ணின் பெயர் இருக்கட்டும். வாடகைக்கு விடும் நம் இயக்கத் தோழர் எவராயினும், சாதி கேட்கமாட்டேன் என்று இன்றே உறுதி கொள்ளட்டும். தங்கையிடம் விடுதலைப் பத்திரம் கேட்கும் அண்ணன், மேடையிலே பெண்ணுரிமை பேசாதிருக்கட்டும்!

இறுதியாக, அந்த மற்றொரு வீடு. அறம், பொருள், இன்பம், வீடு என்று நான்கு அடுக்கினர் பிறர். வள்ளுவரோ மூன்று பாலோடு நிறுத்திக்கொண்டார், வீட்டுப்பால் எழுதவில்லை. சொல்லுக்கு எட்டாததால் எழுதவில்லை என்று உரைகாரர் சமாதானம் சொன்னார். நாம் வேறுவிதமாகப் புரிந்துகொள்கிறோம். அறத்தோடு பொருள் ஈட்டி இன்பமாக வாழ வகை செய்தால், வீடு இங்கேயே வந்துவிடும். அதை மேலே தேட வேண்டியதில்லை. கமண்டல நாகநதிக் கரையிலே, தறியோசை கேட்கும் தெருவிலே, அதற்குக் கடைக்கால் தோண்டலாம்.

வாருங்கள், தோண்டுவோம்!