பழைய மழையின் கணக்கு



சென்ற மாதம் ஒரு பின்னேரம் குருக்கள்மடத்தில் உள்ள எங்கள் வீட்டுக்கு ஒரு தாய் வந்தார். 2007ஆம் ஆண்டு படுவான்கரையில் இருந்து இடம்பெயர்ந்து, ஐந்து வயது மகளோடு வாவியைக் கடந்து வந்தவர். அந்த நாட்களில் காணாமற்போன கணவர் இன்றுவரை வரவில்லை. இடியப்பம் அவித்து விற்று மகளைப் பேராதனைப் பல்கலைக்கழகம் வரை படிப்பித்தார். மகள் புவிச்சரிதவியலில் பட்டம் பெற்றுவிட்டாள்.

“அக்கா, நீங்க ஒருக்கா அவளுக்குச் சொல்லிப் பாருங்க. ஊருக்கு வந்து ஒரு வேலையைப் பாரு எண்டா, இன்னும் ரெண்டு மூணு வருசம் படிக்கப் போறாளாம். ஆயிரம் வருசத்துக்கு முந்திப் பெய்த மழையைப் பற்றி ஆராய்ச்சியாம்! பழசைக் கிளறி என்னக்கா வரப்போகுது?”

உண்மையைச் சொன்னால், முதலில் நானும் தாயின் பக்கம்தான் நின்றேன். ஆனாலும் மகளைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவள் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

ஒவ்வொரு மாரியிலும் வெள்ளம் கொண்டுவரும் மண் வாவியின் அடியில் படிகிறது. அடுத்த மாரியில் அதன்மேல் இன்னொரு படை. இப்படி ஆயிரக்கணக்கான வருடங்களாகப் படிந்த சேற்றுக்குள் நீண்ட குழாயை இறக்கி, பிட்டுக் குழலில் இருந்து பிட்டைத் தள்ளுவது போல அப்படியே வெளியே எடுக்கிறார்கள். மேலே இருப்பது நேற்றைய மண். அடியில் இருப்பது மிகப் பழையது.

அந்தச் சேற்றில் பூக்களின் மகரந்தம் கிடைக்கிறது. காற்றுப் புகாத சேற்றில் அதன் மேலோடு எளிதில் உக்குவதில்லை. நுணுக்குக்காட்டியில் பார்த்தால் எந்த வகைச் செடியின் மகரந்தம் என்று அறியலாம். ஈரத்தை விரும்பும் மரங்களின் மகரந்தம் நிறைந்திருந்தால் அது மழைக்காலம். வரட்சியைத் தாங்கும் புல் பூண்டுகள் நிறைந்திருந்தால் மழை குறைந்த காலம். படையில் உள்ள காபனை அளந்து அதன் வயதைக் கணிக்கிறார்கள்.

எங்கள் நாட்டிலேயே இது நடந்திருக்கிறது. ரத்னசிறி பிரேமதிலக என்ற ஆய்வாளர் ஹோட்டன் சமவெளியின் சதுப்பு நிலத்தை இவ்வாறு ஆராய்ந்து, 2003இல் சுவீடனின் ஸ்ரொக்ஹோம் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். ஏறக்குறைய 24,000 வருட மழைக் கதை அந்தச் சேற்றில் இருந்தது. உலகம் குளிர்ந்திருந்த காலத்தில் இங்கே மழை குறைந்திருந்தது. பின்னர் பருவமழை பலத்தது. அதன் பிறகும் நீண்ட வரட்சிக் காலங்கள் வந்து போயின.

அம்பாந்தோட்டைப் பக்கத்துக் கரகன் களப்பிலும் இப்படிச் சேறு எடுத்தார்கள். 2014இல் அந்த ஆய்வு வெளிவந்தது. களப்புச் சேற்றுக்கு இடையிடையே கடல் மணற்படைகள் இருந்தன. 2004இல் எங்கள் கரையை அழித்த சுனாமி போல, முன்பும் பல தடவைகள் கடல் ஏறி வந்திருக்கிறது. நாங்கள்தான் அறியாமல் இருந்திருக்கிறோம்.

“பெரியம்மா, இலங்கையில் மழையை அளந்து எழுதிய கணக்கு ஒன்றரை நூற்றாண்டு அளவுதான். 1978 சூறாவளி, 2011 வெள்ளம் என்று எங்கட ஞாபகம் அதிலும் குறைவு. எவ்வளவு பெரிய வெள்ளமும் வரட்சியும் வரலாம் என்று அறிய அது காணாது. குளக்கட்டு எவ்வளவு உயரம் வேண்டும், வீட்டை எங்கே கட்டலாம் என்று தீர்மானிக்க இந்தப் பழைய கணக்கும் வேண்டும்” என்றாள்.

தாய் பேசாமல் இருந்தார். நான் அவருக்கு இன்னொரு பெண்ணைப் பற்றிச் சொன்னேன். இந்தியாவில் லக்னோ நகரில் பழங்காலத் தாவரங்களை ஆராயும் நிறுவனம் ஒன்றுக்கு 1949 ஏப்ரல் 3ஆம் திகதி அடிக்கல் நாட்டப்பட்டது. ஒரு வாரத்துக்குள் அதை நிறுவிய பீர்பால் சாஹ்னி இறந்துபோனார். அவருடைய மனைவி சாவித்திரி சாஹ்னி பொறுப்பை ஏற்று நிறுவனத்தைக் கட்டியெழுப்பினார். பழைய மகரந்தங்கள் இன்றும் அங்கே ஆராயப்படுகின்றன.

பிறகு கேட்டேன்: “தங்கச்சி, நீ இத்தனை வருசமா எத்தனை கந்தோர் ஏறி இறங்கினாய்? என்ன நடந்தது எண்டு அறியத்தானே? அதைப் பழசைக் கிளறுறது எண்டு யாரும் சொன்னா உனக்கு எப்படி இருக்கும்?”

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “போனவர் வரல்லையேக்கா. இவளும் தூரமாப் போயிருவாளோ எண்டுதான் பயம்” என்றார். அதுதான் உண்மையான காரணம். மழை அல்ல.

சகோதரிகளே, உங்கள் பிள்ளையும் இப்படிக் கேட்டால் எடுத்த எடுப்பில் மறுக்காதீர்கள். விவரம் கேளுங்கள். வழிகாட்டும் பேராசிரியர் யார், ஆராய்ச்சிக்கு மாதப்படி உண்டா, தங்குமிடம் எங்கே, எத்தனை வருடத்தில் முடியும் என்பவற்றை எழுத்தில் வாங்குங்கள். மாதப்படி இல்லாவிட்டால் செலவுக்கு என்ன வழி என்பதைப் பிள்ளையோடு இருந்து பேசுங்கள்.

இந்தத் தாய் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். மாதம் ஒருமுறை மகள் வீட்டுக்கு வரவேண்டும். மகளும் ஒன்று கேட்டாள்: வாவிச் சேறு எடுக்க ஆட்கள் வரும்போது அம்மா இடியப்பம் தரவேண்டுமாம்.

மீண்டும் அடுத்த மாதம் சந்திப்போம்.