நேயர் குரலும் நடுவர் விசிலும்

வானொலி நிலையத்தைத் தொலைபேசியில் அழைத்து, பெயரையும் ஊரையும் சொல்லி, விரும்பிய பாடலைக் கேட்பது நம் இல்லங்களுக்குப் புதியதன்று. 1967இல் புதுச்சேரி வானொலி தொடங்கிய காலத்தில் அஞ்சலட்டை செய்த பணியைப் பிற்காலத்தில் தொலைபேசி ஏற்றுக்கொண்டது. தேங்காய்த்திட்டில் கடலுக்குச் செல்லும் குடும்பங்களோ, பாடலுக்கு முன்பே புயல் எச்சரிக்கைக்காக வானொலிக்குச் செவி சாய்த்தவை. ஆனால் கால்பந்தாட்டம் முடிந்த கையோடு, தோற்ற அணியின் அன்பர் ஒருவர் வானொலியை அழைத்துத் தம் ஆற்றாமையைக் கொட்ட, அதை நாடே கேட்பது இங்கிலாந்து நாட்டு வழக்கம். நம் பிள்ளைகள் இன்று அந்நாட்டு ஆட்டங்களைக் கைப்பேசியில் கண்டு, இரவெல்லாம் விழித்திருந்து வாதிடுகின்றனர். ஆதலின் இவ்வழக்கத்தைச் சற்று ஆராய்வது தகும்.

பி.பி.சி. வானொலியின் ‘606’ என்னும் நிகழ்ச்சி 1991இல் டேனி பேக்கர் என்பவரைக் கொண்டு தொடங்கியது. மாலை 6 மணி 6 நிமிடத்தில் ஆரம்பித்ததால் அப்பெயர். சனிக்கிழமை ஆட்டங்கள் பிற்பகல் 3 மணிக்குத் தொடங்கி 5 மணியளவில் முடியும். எனவே அது அன்பர்கள் திடலிலிருந்து வீடு திரும்பும் நேரம். முன்னாள் அமைச்சர் டேவிட் மெல்லரும் சில ஆண்டுகள் இதனை நடத்தினார். 1997இல் ஆட்சிக்கு வந்த தொழிற்கட்சி அரசு, மாற்றுக் கட்சியினரான அவரையே கால்பந்துச் சீர்திருத்தக் குழுவின் தலைவராக அமர்த்தியது. சாமானியரின் முறையீடுகளை வாரந்தோறும் கேட்டவர் என்பதால் அது பொருத்தமான தேர்வே என்போம்.

இத்தகைய நிகழ்ச்சிகளில் அழைப்பவர் உடனே ஒலிபரப்பில் பேசிவிட முடியாது. பெயர் என்ன, எந்த அணி, சொல்ல விரும்புவது யாது என உதவியாளர் ஒருவர் கேட்டறிந்த பின்னரே இணைப்புக் கிடைக்கும். சினம் முழுதும் தணியாது எனினும், ‘என்ன சொல்லப் போகிறீர்கள்?’ என்று ஒருவர் வினவும்போது மனிதன் சிறிதேனும் சிந்திக்கிறான். இன்றைய கைப்பேசிக் குழுக்களில் இந்த வினாவைக் கேட்பார் எவருமில்லை.

விந்தை யாதெனில், அங்கே கட்டுப்பாடு இழந்தவர் அழைத்த நேயர் அல்லர், நிகழ்ச்சியை நடத்தியவரே! 1997 பிப்ரவரியில் எஃப்.ஏ. கோப்பைக்கான ஆட்டமொன்றில் செல்சியும் லெஸ்டரும் மோதின. கூடுதல் நேரம் முடியும் தறுவாயில் நடுவர் செல்சிக்குப் பெனால்ட்டி வழங்கினார். அதைக் கோலாக்கியவர் பிரெஞ்சு வீரர் ஃபிராங்க் லெபஃப். மறு ஆண்டு உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் பிரான்சுக்காக ஆடிய அவரை நம் ஊர்ப் பெரியவர் பலர் நினைவில் வைத்திருப்பர். அந்தப் பெனால்ட்டி தவறென்பதே பலருடைய கருத்து. மீண்டும் நிகழ்ச்சிக்குத் திரும்பியிருந்த பேக்கர் அந்நடுவரை ஒலிபரப்பிலேயே கடுமையாகத் தாக்கிப் பேசினார். அதன் விளைவாக நீக்கப்பட்டார். தீர்ப்புத் தவறாகவே இருக்கட்டும். அதற்காக ஒரு மனிதர்மீது ஆயிரக்கணக்கானோரின் கோபத்தை ஏவிவிடலாமா? நம் ஊர்ப் போட்டிகளில் விசில் ஊதுபவர் யார்? பெரும்பாலும் ஓர் ஆசிரியர், அல்லது முன்னாள் வீரர். மாலையில் நாம் நடக்கும் தெருவிலேதான் அவரும் நடக்கிறார். அவர் பிள்ளையும் நம் பிள்ளையோடுதான் படிக்கிறது.

அப்படியானால் நேயர்களைப் பேசவே விடலாகாது என்று சில பெற்றோர் கருதலாம். அதை நாம் ஏற்கவில்லை. 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ திடலில் ஏற்பட்ட நெரிசலில் லிவர்ப்பூல் அணியின் அன்பர் 97 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் கடைசியானவர் நெடுநாள் துன்புற்று 2021இல் இறந்தார். பழியைக் காவல்துறை அன்பர்கள்மேலேயே சுமத்தியது. நான்கு நாட்களுக்குப் பின் ‘தி சன்’ நாளிதழ், இறந்தோரிடமே அவர்கள் திருடினர் என்று முதற்பக்கத்தில் அச்சிட்டது. லிவர்ப்பூல் மக்கள் உள்ளூர் வானொலியைத் தொலைபேசியில் அழைத்துத் தாம் கண்டதைக் கூறினர். அந்நாளிதழை வாங்குவதையும் நிறுத்தினர். அன்பர்கள்மீது குற்றமில்லை என்றும், இறந்தோர் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டனர் என்றும் விசாரணை மன்றத்தின் நடுவர் குழு அறிவித்தது 2016 ஏப்ரலில்தான். அதாவது, அந்தத் தாய் தந்தையர் வானொலியில் சொன்னதை மன்றம் ஏற்க 27 ஆண்டுகள் ஆயின.